பார்ட்டிக்கான கிரீம் லிக்யூர் ஷாட்: திரிந்தால், பிரிந்தால், கெட்டியானால் என்ன செய்வது

கிரீமும் இனிப்பும் மதுவும் கலந்த பானமான கிரீம் லிக்யூர் சரியாக வரவில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலோர் செய்வது, பாட்டிலை மூடி இன்னும் பலமாகக் குலுக்குவது. சில கோளாறுகள் அதில் சரியாகும். சில கோளாறுகள் குலுக்கியதாலேயே வந்தவை, மேலும் குலுக்கினால் மொத்தமும் கையை விட்டுப் போய்விடும். ஆகவே எதையும் சேர்க்கும் முன், குலுக்கும் முன், ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் விட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மிதப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். முகர்ந்து பாருங்கள். என்ன கோளாறு என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

நான் எடுத்துக்கொள்கிற அடிப்படை அளவு இது: 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், 40 சதவீத விஸ்கி 300 மில்லி, 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் 250 மில்லி, இன்ஸ்டன்ட் காபித்தூள் ஒரு டீஸ்பூன், கோகோ ஒரு டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. மொத்தம் 850 மில்லிக்குக் கொஞ்சம் மேலே வரும். 30 மில்லி வீதம் ஊற்றினால் ஏறக்குறைய 28 ஷாட். பச்சை முட்டை சேர்க்கச் சொல்லும் செய்முறைகளும் உண்டு. அவற்றை விட்டுவிடுங்கள். இவ்வளவு குறைந்த ஆல்கஹாலில், ஓரிரு நாளில், சால்மோனெல்லா கிருமி செத்துவிடும் என்று நம்ப முடியாது. முட்டை இல்லாமலே இதற்கு வேண்டிய கெட்டித்தன்மை வந்துவிடுகிறது.

சேர்க்கும் வரிசைதான் முக்கியம். காபித்தூளையும் கோகோவையும் ஒரு கரண்டி வெந்நீரில் குழைத்து ஆறவிடுங்கள். அதைக் கண்டென்ஸ்டு மில்க்கில் கலந்து, அதன்மேல் விஸ்கியை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். கிரீம் கடைசியில்தான். ஏன் என்றால், டின் பாலோடு சேர்ந்ததும் விஸ்கியின் 40 சதவீதம் ஏறக்குறைய 20 ஆகக் குறைந்துவிடுகிறது. அப்புறம் உள்ளே வரும் கிரீம் அந்த மட்டுப்பட்ட கலவையைத்தான் சந்திக்கும். கிரீமில் நேரடியாக விஸ்கியைக் கொட்டினால் முதல் சில நொடிகள் கிரீமின் ஒரு பகுதி முழு வீச்சையும் வாங்கிக்கொள்கிறது. கோளாறுகளில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கிறது

முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை, பழைய பால் வாடை வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை, கொட்டிவிடுங்கள். வாடை எதுவும் இல்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்று.

அடிக்கடி வருவது புளிப்பு. பாலில் உள்ள கேசின் புரதம் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-ஐ நெருங்கியதும் ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரண்டுவிடும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்குக் கொஞ்சம் மேலே. ஆரஞ்சுச் சாறு 3.5 முதல் 4 வரை. கோலா பானங்கள் 2.5 வாக்கில். இவற்றில் எதைக் கிரீம் லிக்யூரில் கலந்தாலும் திரியும். கடையில் வாங்கிய லிக்யூரும் இதற்கு விலக்கல்ல. 'சிமென்ட் மிக்சர்' என்றொரு ஷாட்டே உண்டு: கிரீம் லிக்யூரையும் எலுமிச்சைச் சாற்றையும் வாயிலேயே கலந்து, அது அங்கே கெட்டியாவதை அனுபவிக்கும் விளையாட்டு. விருந்தினர் கேட்டால் ஒழிய அதைச் செய்து கொடுக்காதீர்கள்.

ஸ்ட்ராபெர்ரி, பேஷன் ஃப்ரூட், மாதுளை மாதிரியான பழச் சிரப்புகளும் இதே வேலையைச் செய்யும். அவற்றில் சர்க்கரை நிறைய இருப்பதால் நாக்குக்குப் புளிப்பு தெரியாது, கேசினுக்குத் தெரியும். பாட்டிலில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். சிட்ரிக் அமிலம் என்று இருந்தால் தள்ளி வையுங்கள். ஆரஞ்சு மணம் வேண்டுமென்றால் சாறு வேண்டாம், தோலைத் துருவிச் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். ஆரஞ்சு லிக்யூரும் சேர்க்கலாம். குவான்ட்ரோ மாதிரியானவற்றில் மணம் தோலிலிருந்து வருகிறது, சாற்றின் புளிப்பு அவற்றில் இருக்காது.

இரண்டாவது காரணம், கிரீம் பழசு அல்லது மது மிகக் கடுமை. பால் பண்ணைகளில் பாலின் தரம் பார்க்க ஒரு சோதனை செய்வார்கள்: 68 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட ஆல்கஹாலையும் பாலையும் சம அளவு கலப்பார்கள். திரிந்தால் அந்தப் பால் புளிக்கத் தொடங்கிவிட்டது அல்லது சூட்டைத் தாங்காது என்று பொருள். நாக்குக்கு நன்றாகவே இருக்கும் பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். வீட்டிலும் இதைச் சின்ன அளவில் செய்யலாம். மொத்தத்தையும் கலப்பதற்கு முன், ஒரு கரண்டி கிரீமும் நீங்கள் ஊற்றப்போகிற மதுவில் ஒரு கரண்டியும் தம்ளரில் விட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். தம்ளரைச் சாய்த்தால் உள்பக்கம் வழவழப்பாக வழிய வேண்டும். மணல் மாதிரிப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் வேறு கிரீம் வாங்குங்கள். ஒரு முழு பாட்டில் விஸ்கியை இந்த இரண்டு கரண்டி காப்பாற்றிவிடும். 60 சதவீதத்துக்கு மேற்பட்ட ரம் பயன்படுத்துவதாக இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம். முன்கூட்டியே தண்ணீர் கலந்து 40-க்கு இறக்கிக்கொள்வது இன்னும் நல்லது.

மூன்றாவது, சூடு. அப்போதுதான் கொதித்து இறங்கிய காபியை ஊற்றினால் கிரீம் தாங்காது. காபி ஆறி, ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ச்சியோடு சேரட்டும்.

திரிந்ததைப் பழையபடி ஆக்க முடியாது. வடிகட்டினால் திரள் போகும், அதோடு கெட்டித்தன்மையும் போகும். மிச்சம் நீர்த்த, கலங்கிய திரவம்தான். புளிப்பால் அப்போதே திரிந்தது குடித்தால் கெடுதல் செய்யாது. ஆனால் விருந்தினர் கையில் கொடுக்கிற பொருள் அல்ல.

மஞ்சள் சாயலில் சின்னச் சின்ன மணிகள், உதட்டில் பிசுபிசுப்பு

இதையும் திரிந்துபோனதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு மணியை விரலில் எடுத்துத் தேயுங்கள். திரிந்த பால் பொடிப்பொடியாக உதிரும். இது உருகி எண்ணெயாகப் படிந்தால் வெண்ணெய். கிரீமைக் கடைந்தால் வெண்ணெய் வருவது இயல்பு, மிக்ஸியில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் அதேதான் நடந்திருக்கும்.

மெல்லிய சல்லடையில் ஒரு தடவை வடிகட்டுங்கள். மணிகள் நின்றுவிடும், கீழே இறங்கியது தாராளமாகப் பரிமாறலாம். கொஞ்சம் நீர்த்திருந்தால் இரண்டு மேசைக்கரண்டி கிரீமைக் கையால் கிளறிச் சேருங்கள். அடுத்த தடவை மற்ற எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக்கொண்டு, கிரீமை மட்டும் கடைசியில் கரண்டியால் கலக்குங்கள். ஷேக்கரில் குலுக்குவதாக இருந்தால் பத்து நொடி போதும்.

பாட்டில் கழுத்தில் கெட்டியான வளையம்

பயப்பட வேண்டாம். கொழுப்பு மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். 1974-ல் அயர்லாந்தில் வெளிவந்த பெய்லிஸ் போன்ற ஆலைத் தயாரிப்புகளில் கிரீமை உயர் அழுத்தத்தில் மிக நுண்ணிய துவாரம் வழியே செலுத்திக் கொழுப்புத் துளிகளை நொறுக்குகிறார்கள். துளிகள் அவ்வளவு சிறியதாகிவிட்டால் மேலே ஏற வெகு காலம் ஆகும். கூடவே கேசினை வேறொரு வடிவில் சேர்த்துத் துளிகளைச் சுற்றிப் போர்வை போட்டுவிடுகிறார்கள். 17 சதவீத ஆல்கஹாலோடு அந்த பாட்டில்கள் மாதக்கணக்கில் நிலைப்பது இதனால்தான். வீட்டுச் சமையலறையில் அந்த அழுத்தம் கிடையாது.

பாட்டிலைப் பத்து நிமிடம் வெளியே வைத்து, தலைகீழாக்கி நிமிர்த்தி, நிமிர்த்திக் கவிழ்த்து, நிதானமாகச் செய்யுங்கள். வளையம் கரைந்துவிடும். அடைப்பாகவே இறுகியிருந்தால் கரண்டிக் காம்பால் உடைத்து விடுங்கள். இங்கே பலமாகக் குலுக்கினால் முந்தைய பகுதியில் சொன்ன வெண்ணெய் மணிகளில்தான் போய் நிற்கும்.

ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஊற்றவே வரவில்லை

குளிரில் கொழுப்பு இறுகுவது ஒரு காரணம். கிரீம் பாக்கெட்டில் காராஜீனன் போன்ற கெட்டியூட்டி இருந்தால் அதுவும் சேர்ந்து ஜெல்லி மாதிரி நிறுத்திவிடும். ஒரு தடவை நன்றாகக் கிளறினாலே பாதி சரியாகும். பிறகும் கனமாக இருந்தால் குளிர்ந்த பால் ஒரு மேசைக்கரண்டி வீதம் சேருங்கள். விஸ்கியை ஊற்றித் தளர்த்தாதீர்கள், ருசியின் கணக்கு மாறிவிடும்.

நுரை நுரையாக உப்பியிருந்தால் அது கெட்டித்தன்மை அல்ல, உள்ளே காற்று. அரை மணி நேரம் சும்மா விடுங்கள்.

தண்ணீராக இருக்கிறது

ஐஸ் போட்டுக் குலுக்கினீர்களா? ஐஸ் உருகி, கலவையில் கால் பங்கு அளவு வரைகூடத் தண்ணீர் சேர்ந்துவிடும். பார்ட்டிக்கு மொத்தமாகச் செய்யும்போது ஐஸே வேண்டாம். பாட்டிலைக் குளிரவையுங்கள், ஷாட் கிளாஸ்களை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸ் காரணம் இல்லையென்றால் கிரீமைப் பாருங்கள். 10, 20 சதவீதக் கொழுப்புள்ளவை காபிக்குப் போதும், இதற்குப் போதாது. கண்டென்ஸ்டு மில்க்கும் கெட்டியான கிரீமும் பாதிப் பாதி கலந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மீட்கலாம்.

திகட்டுகிறது

சமையலறைச் சூட்டில் ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குளிரில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத்தான் படும். பரிமாறும் குளிர்ச்சிக்கு வந்த பிறகு பாருங்கள். அப்போதும் திகட்டினால் முதலில் இன்னொரு சிட்டிகை உப்பு, அடுத்தது ஒரு கரண்டி கடுங்காபி ஆறவைத்து. கசப்பு இனிப்பை நன்றாகவே அடக்கும். சமையலில் திகட்டலுக்கு எலுமிச்சை பிழிவது நம் கை வழக்கம், இங்கே அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள்.

இதற்கும் மசியவில்லையென்றால் இனிப்பில்லாத கிரீமும் விஸ்கியும் சம அளவு கலந்து சேர்ப்பது ஒன்றே வழி.

தொண்டை எரிகிறது

கலந்த உடனே குடித்தால் மது தனியாக, பால் தனியாகத்தான் தெரியும். ஒரு இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் காபி, கோகோ, வெனிலா மூன்றும் மதுவோடு ஒத்துப்போய் எரிச்சல் மட்டுப்படும். ஆகவே பார்ட்டிக்கு முந்தைய நாளே செய்துவிடுங்கள். புகைமணம் தூக்கலான விஸ்கியை இதில் ஊற்றாதீர்கள். அந்த மணம் பாலோடு சேர்ந்து மருந்து வாடையாக நிற்கும்.

மது இருப்பதே தெரியவில்லை, இன்னும் ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மில்லி விஸ்கியில் தூய ஆல்கஹால் 120 மில்லி. அது 858 மில்லியில் பரவியிருக்கிறது, அதாவது 14 சதவீதம். 30 மில்லி ஷாட்டில் 4.2 மில்லி, எடையில் 3.3 கிராம். பல நாடுகளில் 10 கிராம் ஆல்கஹாலை ஒரு அளவு என்று வைத்திருக்கிறார்கள். மூன்று ஷாட் போனால் ஒரு முழு அளவு உள்ளே போய்விட்டது. இனிப்பும் கொழுப்பும் எரிச்சலை மறைப்பதால் மூன்றோடு நிறுத்தாமல் ஆறு, எட்டு என்று போகிறவர்கள் உண்டு. போதை ஏறுவதும் உடனே தெரியாது, அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் தெரியும்.

விருந்து கொடுப்பவர் இதைப் பற்றி வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தட்டை நீட்டும்போதே "இதில் மது இருக்கிறது, மூன்று எடுத்தால் ஒரு பெக் மாதிரி" என்று சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மது சேர்க்காமல் அதே காபி, கோகோ, கிரீமில் ஒரு ஜாடி செய்து வைத்தால் யாரும் ஒதுக்கப்பட்டதாக உணர மாட்டார்கள். அதை வேறு வடிவக் கிளாஸில் ஊற்றுங்கள். பார்க்க இரண்டும் சாக்லேட் பால் மாதிரியே இருப்பதால் ஃப்ரிட்ஜில் உள்ள பாட்டிலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, கைக்கு எட்டாத இடம் வேண்டும். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பாதாம் மணமுள்ள லிக்யூர் எதையாவது சேர்த்தால் கொட்டைகளைப் பற்றியும் கேளுங்கள்.

அடுக்கு நிற்கவில்லை, எல்லாம் கலந்துவிடுகிறது

காபி லிக்யூர் கீழே, கிரீம் லிக்யூர் நடுவில், ஆரஞ்சு லிக்யூர் மேலே. பி-52 என்று பெயர் பெற்ற இந்த ஷாட்டில் மூன்று நிறமும் கோடு போட்ட மாதிரி நிற்க வேண்டும். நிற்க வைப்பது கைத்திறமையைவிட எடைதான். சர்க்கரை கூடினால் திரவம் கனக்கும், ஆல்கஹால் கூடினால் இலேசாகும். கனமானது கீழே போக வேண்டும்.

எது கனம் என்று ஊகிக்க வேண்டியதில்லை. சமையல் தராசில் 100 மில்லி வீதம் நிறுத்துப் பாருங்கள். 40 சதவீத வோட்காவும் விஸ்கியும் 95 கிராம் வாக்கில் நிற்கும். கடையில் வாங்கும் ஐரிஷ் கிரீம் (பெய்லிஸ் மாதிரியான கிரீம் லிக்யூர்) ஏறக்குறைய 105. சர்க்கரை நிறைந்த காபி லிக்யூர் 110-க்கு மேலே போகும். மேலே சொன்ன அளவில் வீட்டில் செய்த கலவை 109-ஐ ஒட்டி வரும், டின் பாலின் சர்க்கரைதான் காரணம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடை கிரீமை வைத்து எழுதிய வரிசையில் வீட்டுக் கிரீமை ஊற்றினால், கீழே இருப்பது இனிப்புக் குறைந்த காபி லிக்யூராக இருக்கும் பட்சத்தில் கிரீம் அதைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே நாலைந்து கிராமாவது வித்தியாசம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கீழே போகும் லிக்யூரில் சர்க்கரைப் பாகு கொஞ்சம் கலந்து கனமாக்குங்கள்.

எடை சரியாக இருந்தும் கலந்தால், கரண்டியைக் கவிழ்த்து, அதன் நுனி கிளாஸின் உள்சுவரைத் தொடும்படி பிடித்து, முதுகின்மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூன்று பாட்டிலும் ஒரே குளிர்ச்சியில் இருக்கட்டும். ஊற்றிய கிளாஸைத் தட்டில் தூக்கிக்கொண்டு நடப்பதும் அடுக்கைக் குலைக்கும், விருந்தினர் இருக்கும் மேசையிலேயே ஊற்றுங்கள்.

கோகோ கட்டி, அடியில் கசண்டு

கோகோ தண்ணீரோடு எளிதில் ஒட்டாது. நேராகக் குளிர்ந்த கிரீமில் தூவினால் கட்டி கட்டியாக மிதக்கும். வெந்நீரில் குழைத்த பிறகே சேர்க்க வேண்டும். கட்டி விழுந்துவிட்டால் வடிகட்டியில் கரண்டியால் மசித்துத் தள்ளுங்கள். அடியில் படிவது இயல்பு, ஊற்றும் முன் பாட்டிலை ஒரு தடவை சாய்த்துக் கலக்கினால் சரி.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தபின் மணல் மணலாக இருக்கிறது

வோட்கா ஃப்ரீசரில் உறையாது, இதுவும் உறையாது என்று நினைத்து வைப்பதால் வருகிறது. 40 சதவீத மது உறைய மைனஸ் 27 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேண்டும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18. ஆனால் 14 சதவீதக் கலவையில் தண்ணீர் அதற்கு வெகு முன்பே பனித்துகளாகிவிடும். அந்தத் துகள்கள் கொழுப்புத் துளிகளின் போர்வையைக் கிழித்துவிடுவதால் உருகும்போது கொழுப்பு ஒன்றுகூடிவிடுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்து மெல்ல உருகவிட்டு, கிளறி, வடிகட்டுங்கள். ருசி இருக்கும், வழவழப்பு முழுதாகத் திரும்பாது. அதை ஐஸ்கிரீமின்மேல் ஊற்றப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் கிரீமில் செய்தவர்களுக்கு இதே மாதிரிப் புள்ளிகள் சாதாரண ஃப்ரிட்ஜிலேயே வரும். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடுகிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி உருகவிட்டு ஒரு தடவை மிக்ஸியில் அடியுங்கள். வெண்ணெய் திரளும் பயம் இதில் இல்லை.

மேசையில் வெகு நேரம் இருந்துவிட்டது, மிச்சமும் இருக்கிறது

14 சதவீத ஆல்கஹால் பாலைக் காப்பாற்றும் என்று கடை பாட்டிலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வீட்டில் செய்ததைப் பாலாகவே நினைத்து நடத்துங்கள். அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம்தான் எல்லை. வெயில் காலத்தில், 32 டிகிரிக்கு மேலே போனால், ஒரு மணி நேரம். பெரிய பாட்டிலை மேசையில் வைக்காமல் இரண்டு மூன்று சிறிய பாட்டில்களில் பிரித்து, ஒன்று ஐஸ் தொட்டியில் இருக்க மற்றவை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். முதல் பாட்டில் முடிந்தபின் அடுத்தது வெளியே வரட்டும்.

ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராத பாட்டிலை 4 டிகிரியில் வைத்திருந்தால், கிரீம் பாக்கெட்டில் போட்டிருந்த கடைசித் தேதியா அல்லது இரண்டு வாரமா, எது முந்தியதோ அதுவரை குடிக்கலாம். பாட்டிலின்மேல் செய்த தேதியையும் அந்தக் கடைசித் தேதியையும் எழுதி வையுங்கள். மேசைக்குப் போய்த் திரும்பியதை மீண்டும் நல்ல பாட்டிலில் ஊற்றாதீர்கள். கிளாஸ்களில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.